பாத்ரூமுக்குப் பின்னால் ஒரு கிணறு

ராசா,

நீ போனில் அனுப்பிய வீட்டு பிளானைப் பார்த்துவிட்டு "நல்லாருக்குப்பா" என்று மட்டும் பதில் போட்டேன். அதற்குப் பிறகு நீ இரண்டு முறை கூப்பிட்டாய். இரண்டு முறையும் அங்கே மழை உண்டா, மாசமாக இருக்கிற கவிதாவுக்குத் தலைசுற்றல் நின்றதா என்று கேட்டுவிட்டு வைத்துவிட்டேன். சொல்ல வேண்டியதைச் சொல்லவில்லை. பத்தாவதோடு நின்றவள் நான், இத்தனை பக்கம் எழுதிப் பழக்கமில்லை. ஸ்ரீவில்லிபுத்தூர் கோர்ட்டில் யார் யாருடைய வாக்குமூலத்தையோ டைப் அடிக்கிறாய். உன் அம்மாவுடையதையும் ஒருதரம் பொறுமையாகப் படித்துவிடு.

வன்னியம்பட்டி மனையில் வாஸ்து பூஜை நடந்த அன்று, ஐயர் வரத் தாமதமானதால் நான் சும்மா சுற்றிப் பார்த்துக்கொண்டிருந்தேன். கிழக்கே வேலிக்கு அந்தப் பக்கம், பக்கத்து நிலத்து விவசாயக்காரர் வீட்டுப் பெண் போர் குழாயில் குடத்தைப் பிடித்துக்கொண்டிருந்தாள். இடுப்பில் கைக்குழந்தை. குடம் நிரம்பியதும் ஒரு கை அள்ளிக் குழந்தைக்குக் குடிக்கக் கொடுத்தாள். நீ அனுப்பிய பிளானில், சரியாக அந்தக் குழாய்க்கு நேர் எதிரில், நம் பக்கம், ஒரு சின்னக் கட்டம் போட்டு "செப்டிக் டேங்க்" என்று எழுதியிருக்கிறது. பாத்ரூமுக்குள் குளிக்கிற தொட்டி, கண்ணாடித் தடுப்பு, மழை மாதிரி கொட்டும் ஷவர் எல்லாம் கவிதா ஆசைப்பட்டுப் போடச் சொன்னதாகச் சொன்னாய். நல்ல பாத்ரூமுக்கு ஆசைப்படுவது தப்பு என்று நான் சொல்லவே மாட்டேன். அந்த ஆசை என்னை ஆட்டிவைத்த மாதிரி யாரையும் ஆட்டிவைத்திருக்காது.

நான் கல்யாணமாகி ராஜபாளையத்துக்கு வந்தபோது நம் தெருவில் ஒரு வீட்டிலும் கக்கூஸ் கிடையாது. பெண்கள் விடிவதற்கு முன்னால் தண்டவாளத்தைத் தாண்டிக் கருவேலங்காட்டுக்குப் போக வேண்டும். பகலில் வயிற்றைக் கலக்கினால் பல்லைக் கடித்துக்கொண்டு இருட்டுவதற்குக் காத்திருக்க வேண்டும். பக்கத்து வீட்டுப் பேச்சியக்காதான், நீ பெரியம்மா என்று கூப்பிடுகிறவள், என்னை முதல் நாள் கூட்டிப் போனாள். எந்தப் பக்கம் முள் கிடையாது, எந்தப் பக்கம் ஆண்கள் வருவார்கள் என்று எல்லாம் சொல்லிக் கொடுத்தாள். நான் உட்கார்ந்திருக்கும்போது அவள் முதுகைக் காட்டிக்கொண்டு காவல் நிற்பாள். நீ வயிற்றில் இருந்த ஏழாம் மாதம் அங்கே வழுக்கி விழுந்தேன். அவள்தான் என்னைத் தாங்கிக்கொண்டு வீடு வரைக்கும் வந்தாள். வழி முழுக்க, "பயப்படாதட்டி, புள்ள அசையுது பாரு, அசையுது பாரு" என்று சொல்லிக்கொண்டே வந்தாள்.

நீ மூன்றாம் வகுப்புப் படிக்கும்போது நாம் பாத்ரூம் கட்டினோம். நம் தெருவிலேயே முதல் பாத்ரூம். உங்கப்பாவின் மில் போனஸும், பேண்டேஜ் கம்பெனியில் துணி வெட்டி மடித்துக் கட்டி நான் சேர்த்ததும் அதற்குள் போனது. அந்தக் கம்பெனியில் எல்லாம் வெள்ளை வெளேரென்று இருக்கும். ஒரு சின்னக் கறை பட்டாலும் அந்தச் சுருளைத் தள்ளிவிடுவார்கள். எனக்கும் அதே மாதிரி தரையிலிருந்து மேல் வரைக்கும் வெள்ளை டைல்ஸ் வேண்டும் என்று பிடிவாதம் வந்துவிட்டது. செப்டிக் டேங்குக்குக் குழி தோண்டிய அன்று செல்லையா கொத்தனார் என்னைக் கூப்பிட்டுப் பேச்சியக்கா வீட்டுக் கிணற்றைக் காட்டினார். "தாயி, அந்தா பாரு, அவுக கெணறு பதினஞ்சு அடி கூட இல்ல. தொட்டிய முன்பக்கம் தெருவுக்குக் கொண்டு போயிருவோம். இல்லன்னா அடியிலயாச்சும் காங்கிரீட் போட்டு, உள்ளுக்குள்ள நல்லாப் பூசிரணும். அடி தெறந்து கெடந்தா அம்புட்டும் மண்ணுக்குள்ள எறங்கி அங்கதான் போகும்" என்றார். உங்கப்பா அவர் சொன்னபடி செய்யலாம் என்றுதான் சொன்னார். முன்பக்கம் தொட்டி வந்தால் வாசல் அழகு போய்விடும் என்றேன். அடியில் காங்கிரீட் போட்டால் டைல்ஸ் இடுப்பளவோடு நின்றுவிடும் என்று கணக்குப் பார்த்தேன். "மண்ணுக்கு அடியில யாரு வந்து பாக்கப் போறா?" என்று கேட்டேன். இந்தச் சொல்லைச் சொன்னது நான்தான். தொட்டி பின்பக்கமே, அடி திறந்தபடியே வந்தது. கொத்தனார் பேரிலும் உங்கப்பா பேரிலும் இதில் ஒரு துளி குற்றம் கிடையாது.

பாத்ரூம் வந்த பிறகு எனக்கு அதுவே கோயில் மாதிரி ஆகிவிட்டது. தினமும் காலையில் ஆசிட் ஊற்றுவேன். வாரத்துக்கு ஒரு பாட்டில் போதவில்லை. ஆசிட்டை ஊற்றித் தேய்த்து, வாளி வாளியாகத் தண்ணீர் அடித்து, பினாயில் ஊற்றி, மறுபடியும் தண்ணீர். அந்த ஆசிட் உள்ளே போய்த் தொட்டியில் கழிவை மக்க வைக்கிற கிருமிகளையும் கொன்றுவிடும் என்று எனக்கு அப்போது தெரியாது. தெரிந்திருந்தாலும் நிறுத்தியிருப்பேனா என்று சொல்ல முடியவில்லை. வருகிறவர்களுக்கு நான் காபி கொடுப்பதற்கு முன்னால் பாத்ரூமைக் காட்டியது உனக்கு நினைவிருக்கும். நீ சிரிப்பாய்.

நீ ஐந்தாவது படிக்கும்போது பேச்சியக்காவுக்குக் கர்ப்பப்பை ஆபரேஷன் நடந்தது. நடக்கக் கூடாது, குனியக் கூடாது என்று டாக்டர் சொல்லி அனுப்பினார். அவள் ஆஸ்பத்திரியிலிருந்து வந்த மறுநாள், சுவரைப் பிடித்துக்கொண்டு நம் வாசலில் வந்து நின்றாள். "ஏட்டி, ஒரு வாரத்துக்கு ஒங்க பாத்ரூமுக்கு வந்துட்டுப் போறேன். காட்டுக்குப் போக ஏலாது" என்றாள். என்னோடு கருவேலங்காட்டில் காவல் நின்றவள், என்னிடம் கேட்பதற்குத் தலையைக் குனிந்துகொண்டு நின்றாள். "இதுக்கெல்லாம் கேப்பாகளா, வாங்கக்கா" என்றுதான் சொன்னேன். ஆனால் அவள் போய்விட்டு வெளியே வந்ததும், அவள் வாசப்படி தாண்டுகிற வரைக்கும் கூட எனக்குப் பொறுக்கவில்லை. ஆசிட்டை எடுத்து ஊற்றி, விளக்குமாறால் பரபரவென்று தேய்த்தேன். சுவருக்கு அந்தப் பக்கம் அவள் மெதுவாக நடந்து போய்க்கொண்டிருக்கிறாள், கேட்கும் என்று எனக்குத் தெரியும். இரண்டாம் நாளும் அப்படித்தான். மூன்றாம் நாளும் அப்படித்தான். நான்காம் நாள் அவள் வரவில்லை. வயிற்றில் தையலோடு, மகள் செல்வியின் தோளைப் பிடித்துக்கொண்டு, அவள் தண்டவாளத்தைத் தாண்டிப் போவதை நான் ஜன்னல் வழியாகப் பார்த்தேன். கூப்பிடவில்லை. அப்பாடா என்றுதான் இருந்தது. இதை எழுதும்போது என் முகத்தை உன்னிடம் காட்ட வேண்டியதில்லை என்பது ஒன்றுதான் எனக்கு ஆறுதல்.

அடுத்த வருடம், நீ ஆறாவது. ஐப்பசி மழை விட்டு இரண்டு நாள் ஆகியிருந்தது. நீ பெரியம்மா வீட்டில் விளையாடிவிட்டு, வாளியில் இறைத்து வைத்திருந்த தண்ணீரைக் குடிக்கப் போய், துப்பிவிட்டு ஓடி வந்தாய். "எம்மா, பெரியம்மா வீட்டுக் கெணத்துத் தண்ணி நாறுதும்மா. நம்ம பாத்ரூம் வாடை அடிக்கி" என்று தெருவுக்கே கேட்கிற மாதிரி சொன்னாய். நான் உன் கன்னத்தில் ஓங்கி அறைந்தேன். "வாய மூடுலே. இன்னொரு தடவ சொன்ன, நாக்க இழுத்துப் போட்டுருவேன்" என்றேன். நீ அழக்கூட இல்லை, என்ன தப்புச் செய்தோம் என்று தெரியாமல் என்னையே பார்த்துக்கொண்டு நின்றாய். பிறகு ஒரு மாதம் உன்னை அந்த வீட்டுப் பக்கம் விடவில்லை. நீ சொன்னது பொய் என்று நினைத்து நான் அடிக்கவில்லை, ராசா. கேட்ட நொடியிலேயே அது உண்மை என்று தெரிந்ததால்தான் அடித்தேன்.

அதே மழைக்காலத்தில் செல்விக்கு மஞ்சக்காமாலை வந்தது. பத்தாவது படித்துக்கொண்டிருந்தாள், நல்லாப் படிக்கிற பெண். நர்ஸ் ஆக வேண்டும் என்று சொல்லிக்கொண்டிருந்தவள். கீழாநெல்லி அரைத்துக் கொடுத்தார்கள், பொறவு பெரியாஸ்பத்திரியில் படுக்க வைத்தார்கள். உயிர் பிழைத்தாளே தவிரத் தேறி எழுந்திருக்க மாசக்கணக்கு ஆனது, பரீட்சை போய்விட்டது. ரோட்டுக் கடையில் எதையோ தின்றிருப்பாள் என்று எல்லாரும் சொன்னார்கள். நானும் சொன்னேன். நான்தான் முதலில் சொன்னேன். அந்தக் கிணற்றுத் தண்ணீரால்தான் வந்தது என்று இன்றைக்கும் யாராலும் அடித்துச் சொல்ல முடியாது. இத்தனை வருடமாக அந்த ஒரு சந்தேகத்துக்குள்தான் நான் ஒளிந்துகொண்டிருந்தேன். அவள் திரும்பப் பள்ளிக்கூடம் போகவில்லை. நான் போய் எங்கள் சூப்பர்வைசரிடம் பேசி, அவளுக்குப் பேண்டேஜ் கம்பெனியில் வேலை வாங்கிக் கொடுத்தேன். பேச்சியக்கா என் கையைப் பிடித்துக்கொண்டு, "ஒன்னய மறக்க மாட்டேன்ட்டி" என்றாள். தெருவே என்னை நல்ல மனுஷி என்றது. நானும் கேட்டுக்கொண்டு நின்றேன்.

அதற்குப் பிறகு பேச்சியக்கா கிணற்றுத் தண்ணீரைக் குடிக்கவும் இல்லை, அதில் சமைக்கவும் இல்லை. தெருமுனைக் குழாயில் முனிசிபாலிட்டித் தண்ணீர் வருகிற அன்று குடம் குடமாகச் சுமப்பாள். "கெணத்துத் தண்ணி உப்புக் கரிக்கி" என்று கேட்கிறவர்களிடம் சொல்வாள். நான் நம் மொட்டைமாடித் தொட்டியிலிருந்து தண்ணீர் திறந்து பாத்ரூம் கழுவிக்கொண்டிருக்கும்போது, அவள் குடத்தோடு நம் வாசலைத் தாண்டிப் போவாள். அவளுக்கும் அரசாங்கத் திட்டத்தில் ஒரு கக்கூஸ் கிடைத்தது. செல்வியைச் சங்கரன்கோவிலில் கட்டிக் கொடுத்தார்கள். நீ வேலைக்குப் போனாய். உங்கப்பா போய்ச் சேர்ந்தார். நான் மட்டும் ஆசிட் ஊற்றுவதை நிறுத்தவில்லை.

உன் கல்யாணம் முடிந்து முதல் பொங்கலுக்கு நீங்கள் இருவரும் வருவதற்கு முன்னால் எனக்கு மூச்சுத் திணறல் வந்து ஆஸ்பத்திரிக்குப் போனேன் அல்லவா? உன்னிடம் வீசிங் என்று சொன்னேன். அது பொய். கவிதா வந்து பார்க்கும்போது டைல்ஸ் பளிச்சென்று இருக்க வேண்டும் என்று, தரையில் பிளீச்சிங் பவுடரைக் கொட்டி அதன் மேலேயே ஆசிட்டை ஊற்றிவிட்டேன். கதவும் சாத்தியிருந்தது. குப்பென்று பச்சையாகப் புகை மாதிரி எழும்பியது. கண்ணும் நெஞ்சும் எரிந்து, மூச்சு நின்றுவிட்டது. தாழ்ப்பாளைத் தேடினேன், கை எட்டவில்லை. நான் இருமிய சத்தம் கேட்டுப் பேச்சியக்கா ஓடி வந்து கதவை முட்டித் திறந்து, என் சேலையைப் பிடித்து இழுத்து வெளியே போட்டாள். தெருவில் போன பால்காரர் உதவிக்கு வந்தார். என் முகத்தைக் கழுவ அவர் அவள் வீட்டுக் கிணற்றுப் பக்கம் வாளியை எடுத்துக்கொண்டு ஓடினார். கண் தெரியாமல் கிடந்த எனக்கு அவள் கத்தியது மட்டும் தெளிவாகக் கேட்டது. "கெணத்துத் தண்ணி வேண்டாம்ணே! வாயில போயிரும். அடுப்படியில கொழாத் தண்ணி இருக்கு, குடத்தோட எடுத்துட்டு வாங்க!" அவள் சுமந்து வைத்திருந்த குடிதண்ணீர் முழுவதையும் என் முகத்தில் ஊற்றித் தீர்த்தார்கள்.

ஆஸ்பத்திரியிலிருந்து வந்து மூன்றாம் நாள் அவள் வீட்டுக்குப் போனேன். அவள் உளுந்து புடைத்துக்கொண்டிருந்தாள். உட்காரச் சொன்னாள், நான் உட்காரவில்லை. "அக்கா, ஒங்க கெணறு கெட்டது எங்க தொட்டியாலதான்" என்றேன். அவள் முறத்தை நிறுத்தவில்லை.

"தெரியும்" என்றாள்.

"எப்பத்துல இருந்து?"

"ஒம் மகன் சொன்னானே, அன்னைக்கே. ஒனக்கு ஒண்ணும் தெரியாதுன்னா, சின்னப்புள்ள சொன்னதும் அப்படியா வா பாப்போம்னு வந்து பாத்திருப்ப. நீ அறைஞ்ச. அந்தச் சத்தம் எனக்குக் கேட்டுச்சு. பொறவு என்ன சந்தேகம்?"

"ஏங்க்கா என்னயக் கேக்கல?"

"கேட்டா நீ இல்லம்ப. அதுக்குப் பொறவு நீயும் நானும் ஒரே சொவத்துல எப்படி இருக்க? எங்க வீட்டு அவிய சண்டைக்குப் போறேம்னு நின்னாக. நாந்தான் விடல." முறத்தைக் கீழே வைத்தாள். "கெணறு கெட்டதக்கூட மறந்துருவேன்ட்டி. தண்ணி என்ன, கொழாயில வருது. நான் வந்துட்டுப் போன மூணு நாளும் நீ தேச்சியே, அந்த வெளக்குமாத்துச் சத்தம் இன்னும் காதுல கெடக்கு."

நான் அவள் காலைத் தொடக் குனிந்தேன். அவள் காலை இழுத்துக்கொண்டாள். "இதெல்லாம் வேண்டாம். அந்தத் தொட்டிய மொதல்ல எடு" என்றாள். செல்வியைப் பற்றிக் கேட்க வாயெடுத்தேன். "அவகிட்ட நான் ஒண்ணும் சொல்லல. சொல்லணும்னா நீயே சொல்லிக்கோ" என்று சொல்லிவிட்டு முறத்தை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டாள்.

நீ பொங்கலுக்கு வந்துவிட்டுப் போன பிறகு பாத்ரூமை இடித்ததற்கு, டைல்ஸ் பழசாகிவிட்டது என்று உன்னிடம் காரணம் சொன்னேன். நடந்தது இதுதான். பழைய தொட்டியை லாரி வைத்து உறிஞ்சி எடுத்து, சுண்ணாம்பு போட்டு மண்ணால் மூடினோம். செல்லையா கொத்தனாருக்கு இப்போது கண் சரியாகத் தெரியாது. ஆனாலும் அவரையே கூட்டி வந்து நாற்காலி போட்டு உட்கார வைத்தேன், அவர் மகன் வேலை பார்த்தான். புதுத் தொட்டி தெருப்பக்கம், வாசலை ஒட்டியே வந்தது. அடியில் காங்கிரீட், மூன்று அறை, உள்ளே முழுக்கப் பூச்சு. "இப்ப வாசல் அழகு போகலையா தாயி?" என்று அவர் கேட்டார். கேலியாகக் கேட்டாரா, நிஜமாகவே கேட்டாரா என்று தெரியவில்லை. குளிக்கிற தண்ணீர் இப்போது தொட்டிக்குப் போவதில்லை. தனிக் குழாய் வழியாக ஜல்லியும் மணலும் போட்ட குழிக்குப் போய், கல்வாழைக்கும் இரண்டு வாழைக்கும் பாய்கிறது. ஷவரைக் கழற்றிவிட்டேன். ஒரு வாளி, ஒரு செம்பு, அது போதும். துணி அலசின தண்ணீரை எடுத்து வைத்துக் கக்கூசுக்கு ஊற்றுகிறேன். ஆசிட் பாட்டில் வீட்டுக்குள் வருவதில்லை. பிரஷ்ஷும் கொஞ்சம் சோப்புத் தூளும், வாரம் ஒருதரம் எலுமிச்சைச் சாறும்தான். தரையில் இருப்பது மலிவான சிவப்பு ஓடு. கறை இருக்கிறது. இருக்கட்டும்.

இதையெல்லாம் உனக்கு எழுதுவது நான் திருந்திவிட்டேன் என்று காட்ட இல்லை. உன் வீட்டுக்குக் குழி இன்னும் தோண்டவில்லை என்பதால் எழுதுகிறேன். அந்தச் சின்னக் கட்டத்தை மேற்கு மூலைக்கு மாற்று. கார் நிறுத்த இடம் குறைந்தால் குறையட்டும். அடியில் காங்கிரீட் விழுகிற அன்று லீவு போட்டுவிட்டு நீயே நின்று பார், மற்ற வேலைக்கு நிற்காவிட்டாலும் பரவாயில்லை. குளிக்கிற தொட்டி வேண்டுமா என்று கவிதாவோடு உட்கார்ந்து பேசு, என் பேரைச் சொல்லித் தடுக்காதே. ஒருதரம் நிரப்புகிற தண்ணீர், குழாயடியில் நிற்கிற பெண்ணுக்கு எத்தனை குடம் என்று மட்டும் கவிதாவிடம் கேள், அவள் நியாயம் தெரிந்த பெண். ஷவர் வைத்தால் தண்ணீர் குறைவாக விழுகிற மாதிரி வை. பிளஷ்ஷில் பாதித் தண்ணீர் விடுகிற பட்டன் உள்ளதாக வாங்கு. குழந்தை பிறந்த பிறகு டயப்பரையும் துடைக்கிற காகிதத்தையும் உள்ளே போட்டுத் தண்ணீர் ஊற்றாதீர்கள். அடைத்துக்கொண்டால் அதில் கை விட ஒரு மனுஷனைத்தான் கூப்பிடுவீர்கள். எல்லாவற்றுக்கும் முன்னால், அந்த விவசாயக்காரர் வீட்டுக்குப் போய், "ஒங்க போர் எம்புட்டு ஆழம், எங்க தொட்டி எங்க வந்தா ஒங்களுக்குத் தொந்தரவு இல்ல?" என்று கேள். நான் கேட்காமல் விட்ட கேள்வி அது ஒன்றுதான். நாளைக்கு உன் பிள்ளை ஓடி வந்து, எங்கேயோ தண்ணீர் நாறுகிறது என்று சொன்னால், அதன் கையைப் பிடித்துக்கொண்டு போய் முகர்ந்து பார். உன்னை அன்றைக்கு அடித்ததற்கு நான் இதுவரைக்கும் ஒரு வார்த்தை சொன்னதில்லை. அந்த வயதில் நீ சொன்னது சரி, இந்த வயது வரைக்கும் நான் செய்தது தப்பு. என்னை மன்னித்துக்கொள், ராசா. செல்விக்கும் எழுத வேண்டும். உனக்கு எழுதி முடித்த தைரியம் ஆறுவதற்குள் எழுதிவிடலாம் என்று நினைக்கிறேன். அவள் என்ன சொன்னாலும் கேட்டுக்கொள்ள வேண்டியதுதான்.

கிணற்றைப் பற்றிக் கேட்பாய். இறைத்துக் கொட்டி, தூர் எடுத்து, மருந்து போட்டோம். இரண்டு மழைக்காலம் போய்விட்டது. முதல் தடவை பரிசோதனைக்குக் கொடுத்த தண்ணீர் குடிக்க ஆகாது என்று வந்தது. இந்தத் தடவை பரவாயில்லை, காய்ச்சிக் குடிக்கலாம் என்று தாள் வந்திருக்கிறது. அதைக் கொண்டு போய்க் கொடுத்தேன். பேச்சியக்கா வாங்கிப் படித்துவிட்டு அலமாரியில் வைத்தாள். பாத்திரம் கழுவுகிறாள், துணி துவைக்கிறாள், குடிக்கவில்லை. அவளுக்கு முட்டி தேய்ந்து போய்விட்டது, குடம் சுமக்க முடியவில்லை. அதனால் குழாயில் தண்ணீர் வருகிற அன்று அவளுக்கும் இரண்டு குடம் நான் பிடித்துக்கொண்டு போய் வைக்கிறேன். முதல் சில தடவை அதை நான் பார்க்கும்படியே செடிக்கு ஊற்றினாள். அடுத்த தடவையும் கொண்டு போய் வைத்தேன். இப்போது ஊற்றுவதில்லை. குடிக்கிறாளா என்று எனக்குத் தெரியாது, வைத்துவிட்டுத் திரும்பிப் பார்க்காமல் வந்துவிடுகிறேன். தெருவில் குடங்கள் உருளுகிற சத்தம் கேட்கிறது, குழாயில் தண்ணீர் வந்திருக்கும். சீக்கிரம் போகாவிட்டால் வரிசையில் கடைசியாகிவிடும். நான் போகிறேன்.

அம்மா